பம்புக்குப் போகும் கரன்ட்: மலையகப் பழுதுபார்ப்பின் ஒரு வரலாறு

கினிகத்தேனையிலிருந்து ஹட்டனுக்கும் றம்பொடையிலிருந்து நுவரெலியாவுக்கும் ஏறும் வண்டிகளை வழியில் நிறுத்திப்போடும் பழுது ஒன்று உண்டு. ஏற்றத்தில் இழுவை குறையும், எஞ்சின் இரண்டு மூன்று தடவை திணறும், பிறகு நின்றுவிடும். ஓரங்கட்டிக் கொஞ்ச நேரம் விட்டால் தானாக ஸ்டார்ட் ஆகும். கராஜில் கொண்டுபோய் நிறுத்தினால் எந்தக் கோளாறும் காட்டாது. பில்டர் மாற்றுவார்கள், பம்ப் மாற்றுவார்கள், ரிலே மாற்றுவார்கள். சில மாதம் ஓடும். அடுத்த மழைக்கு அதே ஏற்றத்தில் நிற்கும். காரணம் கேட்டால் போலிச் சாமான் என்பார்கள், கலப்பட எண்ணெய் என்பார்கள், பழுதுபார்க்கும் பாஸுக்குக் கைத்திறன் போதாது என்பார்கள். மூன்றிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் ஒரு பழுது ஒருமுறை வருவதற்குத்தான் இவை காரணமாக முடியும். அதே பழுது அதே வண்டியில் திரும்பத் திரும்ப வருவதற்கு வேறு காரணம் வேண்டும். மலையகத்தில் வண்டியின் எண்ணெய் ஒருவர் தொழில், கரன்ட் இன்னொருவர் தொழில். எண்ணெயைக் கரன்ட் தள்ளுகிற அந்த ஓரிடம் இருவருக்கும் பொதுவானது. அதனாலேயே இருவர் கையிலும் அது இல்லாமல் போயிற்று. இந்தப் பிரிவினை எப்படி வந்தது என்று பார்க்காமல் பழுதை மட்டும் துரத்துவதில் பயனில்லை என்பதே என் வாதம்.

மலைநாட்டின் இயந்திரத் தொழில் வாகனத்தோடு தொடங்கவில்லை. ஜோன் வோக்கர் 1854இல் கண்டியில் பட்டறை போட்டது கோப்பித் தோட்டங்களின் இயந்திர வேலைக்காக. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழித்துத் தேயிலைக்கு வழிவிட்டது. பிரவுண் கம்பனி 1875இல் ஹட்டனில்தான் பிறந்தது, அதுவும் தோட்டங்களுக்கான பொறியியல் பட்டறையாக. 1885இல் ரயில் நானுஓயாவை எட்டியபோது உருளைகளும் உலர்த்திகளும் மலை ஏறின. அவற்றைச் சுழற்றியது நீர்ச்சக்கரம், பிறகு நீராவி, பிறகு எண்ணெய் எஞ்சின். தேயிலை ஸ்டோரில் வேலை செய்த பிட்டரின் அறிவு இவற்றில் ஊறியது. பெயாரிங் சூட்டைக் கையால் தொட்டுச் சொல்வார், வால்வின் பிசகைக் காதால் சொல்வார், பெல்ட்டின் தளர்வைக் கண்ணால் சொல்வார். கண்ணுக்கும் கைக்கும் எட்டாத கரன்டுக்கு அந்தத் தொழிலில் வெகுகாலம் இடமே இல்லை. இந்த மலைகளின் நீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று டி. ஜே. விமலசுரேந்திர 1918இலேயே எடுத்துச் சொன்னார். லக்சபான 1950இல்தான் ஓடத் தொடங்கியது. அதன் மின்கம்பிகள் லயங்களின் தலைக்கு மேலாகக் கொழும்புக்குப் போயின. லயக்காம்பராவுக்குள் பல்பு எரியப் பல தோட்டங்கள் இன்னும் பல பத்தாண்டுகள் காத்திருந்தன. எஞ்சின் சத்தத்தோடு வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு சுவிட்சும் பியூசும் பழக்கமாகாமல் இருந்ததற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

தோட்டத்து லொறி இந்த மரபுக்குள் எளிதாக வந்து பொருந்திக்கொண்டது. பழைய டீசல் லொறியின் எண்ணெய்ப் பாதையில் கரன்ட் கிடையாது. தாங்கியிலிருந்து லிப்ட் பம்ப் இழுக்கும், பில்டர் வடிக்கும், எஞ்சினோடு சுற்றும் இன்ஜெக்ஷன் பம்ப் அழுத்தித் தள்ளும். எஞ்சினை நிறுத்தக்கூட சாரதி ஒரு கேபிளைத்தான் இழுப்பார். பற்றரியின் வேலை ஸ்டார்ட்டரோடும் விளக்குகளோடும் முடிந்தது. ஆகவே எண்ணெயில் வரும் பழுது எல்லாமே காற்று, தண்ணீர், அழுக்கு, தேய்மானம் என்ற நான்குக்குள் அடங்கும். குளிர் இரவுகளில் பாதி நிறைந்த தாங்கிக்குள் ஈரம் படிவதும், பீப்பாயில் வைத்த டீசலில் தண்ணீர் சேர்வதும் மலையில் வழக்கம். லொறியில் கிளீனராக ஏறிய பையன் முதலில் கற்றுக்கொண்ட வித்தை எயார் எடுப்பது: பில்டர் தலையிலுள்ள திருகாணியை ஒரு சுற்றுத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்தி அழுத்தி, முதலில் நுரைத்து வரும் டீசல் நுரை அடங்கிக் கண்ணாடிபோல் வழியும்வரை விட்டு, வழிந்துகொண்டிருக்கும்போதே திருகாணியை இறுக்குவது. கிளீனர் சாரதியானார்; சிலர் கராஜில் கையாளாகி, காலப்போக்கில் பாஸ் ஆனார்கள்.

வேறு வழியும் அவர்களுக்குத் திறந்திருக்கவில்லை. 1948இன் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1958இல் பஸ் சேவைகள் அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை வந்தது. அதற்குத் தொழிலாளரை உருவாக்க இலங்கை ஜெர்மன் தொழிற்பயிற்சி நிறுவனம் வந்தது. மோட்டார் எஞ்சினையும் மோட்டார் மின்சாரத்தையும் ஒரே கூரையின் கீழ் முறையாகக் கற்க நாட்டில் வாய்ப்பு உண்டான அதே காலத்தில், குடியுரிமை இல்லாதவனுக்கு அரசு வேலையும் அதற்கு வழிவிடும் பயிற்சியும் எட்டாத்தூரத்தில் இருந்தன. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரண்டு நாடுகளுக்கிடையே பங்குபோட்டது. மீதமிருந்தோரின் பிரச்சினை 2003இன் சட்டத்தோடுதான் தீர்ந்தது. ஆகவே மலையகத்து வாகன அறிவு கை பார்த்துக் கை கற்ற அறிவாகவே வளர்ந்தது. கண்ணால் பார்த்துக் கற்கக்கூடியது நன்றாகக் கைமாறியது. கணக்கிட்டும் வரைபடம் பார்த்தும் கற்கவேண்டியது கைமாறவில்லை.

இதற்கு ஒரு முக்கியமான விதிவிலக்கு இருந்தது. தோட்டத்துத் துரைமாரும் டவுன் டாக்டர்மாரும் ஓட்டிய மொரிஸ் மைனர் அது. 1948முதல் 1971வரை இங்கிலாந்தில் செய்யப்பட்ட அந்தக் காரின் பெற்றோல் பம்ப் கரன்டில் ஓடியது. அந்தப் பம்பைச் செய்த எஸ்.யு. என்ற கம்பனியை மொரிஸ் கார்களின் முதலாளி வில்லியம் மொரிஸ் 1926இலேயே வாங்கியிருந்தார். ஆகவே மற்றக் கார்கள் எஞ்சினால் இயங்கும் பம்பை நம்பியிருந்த காலத்திலும் மொரிஸ் கார்களுக்கு எஸ்.யு. பம்ப் வாய்த்தது. அதன் வேலை எளிமையானது. உள்ளே ஒரு காந்தச்சுருள் டயபிரத்தை இழுக்கும். இழுத்து முடிந்ததும் இரண்டு பொயின்ட் விலகிக் கரன்டை அறுக்கும். ஸ்பிரிங் டயபிரத்தைத் தள்ளி எண்ணெயை அனுப்பும். பொயின்ட் மறுபடி ஒட்டும். ஒவ்வொரு தடவையும் டிக் என்று கேட்கும். சாவியைத் திருப்பியதும் டிக்டிக்கென்று வேகமாக அடித்து, காபரேட்டர் கிண்ணம் நிறைந்ததும் அடங்கினால் பம்ப் சுகம். அடங்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் எங்கோ காற்றை இழுக்கிறது, அல்லது தாங்கியில் எண்ணெய் இல்லை. சத்தமே இல்லையென்றால் பொயின்ட் கருகியிருக்கும், அல்லது எர்த் விட்டிருக்கும். பம்பின் தலையில் ஸ்பானரால் ஒரு தட்டுத் தட்டினால் பொயின்ட் ஒட்டி ஓடத் தொடங்கும். அது மருந்தல்ல, நோயின் பெயரைச் சொல்லும் சோதனை. பக்கலைட் மூடியைக் கழற்றி, பொயின்ட்டை மெல்லிய உப்புத்தாளால் துடைத்து, எர்த் ஸ்குரூவின் அடியில் பிடித்த துருவைச் சுரண்டினால்தான் வேலை முடியும்.

மலை ஏற்றத்தில் அந்தக் கார் நின்றால் மூன்று காரணங்கள் ஒரே முகத்தோடு வரும். கீழ் கியரில் நெடுநேரம் ஏறும் சூட்டில், உயரம் கூடக்கூட எளிதில் ஆவியாகும் பெற்றோல் குழாயிலேயே ஆவியாகி அடைத்துக்கொள்ளலாம். இக்னிஷன் கோயில் சூடேறிப் பொறியை இழக்கலாம். பம்பின் பொயின்ட் கைவிடலாம். மூன்றிலும் கார் நிற்கும், மூன்றிலும் ஆறியபின் கிளம்பும். இம்மூன்றையும் பிரித்துச் சொல்ல பம்பின் சத்தம் ஒன்றே போதும். பம்ப் ஓயாமல் அடிக்கிறதா, ஆவியைச் சந்தேகி, குழாயில் ஈரத்துணியைச் சுற்று. அடித்து அடங்கிவிட்டதா, எண்ணெய் வந்துவிட்டது, பொறியைப் பார். ஊமையாக நிற்கிறதா, பம்புக்குக் கரன்ட் வருகிறதா பார். எண்ணெயையும் கரன்டையும் ஒரே ஆள் ஒரே மூச்சில் விசாரித்தார். மொரிஸ் பார்த்த பாஸுக்குப் பள்ளிப் படிப்பு இருந்ததா இல்லையா என்பது கேள்வியே அல்ல. அந்தப் பம்ப் தன் கரன்டைக் காதுக்குக் கேட்கவைத்தது. ஆகவே கண்ணாலும் காதாலும் கற்கிற மரபுக்குள் அது வந்துவிட்டது. அந்தக் கார்களில் பல இன்றும் இத்தீவில் ஓடுவதற்கு இந்தத் திறப்பும் ஒரு காரணம் என்று கருதுகிறேன்.

பிறகு தட்டுப்பாடு வந்தது. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி வற்றியதும் கார் இறக்குமதி ஏறக்குறைய நின்றது. 1961இன் சட்டத்தால் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் உண்டாகி, ஷெல், எஸ்ஸோ, கால்டெக்ஸ் கைகளிலிருந்த எண்ணெய் விநியோகம் அரசிடம் வந்தது. 1970முதல் 1977வரை இறக்குமதிக் கட்டுப்பாடு உச்சத்தில் இருந்தது. அதே இடைவெளியில் 1972, 1975 காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களையும் அவற்றின் லொறிகளையும் அரச நிறுவனங்களின் கையில் சேர்த்தன. சாமான் இல்லாத அந்தக் காலத்தைப் பொற்காலமாகப் பேசுவோர் உண்டு. இருப்பதைத் திறந்து சரிசெய்யும் பொறுமையை அது கற்பித்தது என்பது சரியே. ஆனால் அதே காலம்தான் தாண்டு வயரையும் கற்பித்தது. உடைந்த சுவிட்சைத் தாண்டி ஒரு வயர், எரிந்த பியூசுக்குப் பதில் சிகரெட் தாளின் வெள்ளி, துருப்பிடித்த எர்த்துக்குப் பக்கத்தில் இன்னொரு முறுக்கு. இதை அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. பறித்த கொழுந்து லொறிக்காகக் காத்திருக்காது. சாக்கில் அமுங்கிக் கிடந்தால் உள்ளே சூடேறும், கன்றிச் சிவக்கும், ஸ்டோரில் வாட்டவே லாயக்கில்லாமல் போகும். ஏப்ரல், மே மாதங்களில் மேற்குச் சரிவுகளில் கொழுந்து குவியும்போது லொறி ஒரு நேரம் நின்றால் அன்றைய உழைப்பு முழுக்கக் கெடும். பெண்கள் கூடை சுமந்து நிறுவைக்கு நிற்கும் நேரத்தில் சாரதி செய்யக்கூடிய நியாயமான காரியம் வண்டியை எப்படியாவது ஓடவைப்பதுதான். தவறு நடந்தது அன்று மாலையில். லொறி ஸ்டோர் வாசலில் நின்றபோது அந்த வயரைப் பிரித்து முறையாகப் போடும் பொறுப்பு யாருடையது என்று எவரும் வகுக்கவில்லை. லொறி தோட்டத்தினது, வயர் எவருடையதுமில்லை.

1977இன் திறந்த பொருளாதாரம் ஜப்பானின் பாவித்த வண்டிகளையும் பாவித்த சாமான்களையும் கொண்டுவந்தது. இசுசு எல்பும் மிட்சுபிஷி கென்டரும் தோட்டப் பாதைகளுக்கு வந்தபோது டீசல் பாதைக்குள் முதல் தடவையாகக் கரன்ட் நுழைந்தது. கேபிளுக்குப் பதில் பல பம்புகளின் தலையில் விரல் நீளச் சோலினோய்ட் ஒன்று: சாவி போட்டால் டிக்கென்று திறந்து எண்ணெயை விடும், கரன்ட் போனால் மூடிக்கொள்ளும். வயர் எங்காவது உரசிக் கரன்ட் ஒரு கணம் அறுந்தால் எஞ்சினும் நிற்கும். வழியில் நின்ற வண்டிக்குக் கண்டுபிடித்த வைத்தியம், சோலினோய்டின் உள்ளூசியைப் பிடுங்கிவிட்டு எண்ணெயை எப்போதும் ஓடவிட்டு, நிறுத்தவேண்டிய இடத்தில் கியரில் போட்டு அணைப்பது. வண்டி ஓடியது, உரசிய வயர் உரசியபடியே இருந்தது. இந்தக் கட்டத்தில்தான் தொழில்கள் தெளிவாகப் பிரிந்தன. எஞ்சின் இறக்குபவர் ஒருவர், வயரிங் பார்ப்பவர் வேறொருவர், டீசல் பம்பை மேசையில் ஏற்றி அளவு வைப்பவர் மூன்றாமவர். டவுனில் மூன்று கடைகள், மூன்று கணக்குகள். பம்ப் பார்ப்பவர் பம்பைக் கழற்றி மேசையில் ஏற்றினால் அங்கே நல்ல பற்றரியின் கரன்டில் அது அழகாக வேலை செய்யும். பம்ப் நல்லது, வயரைப் பார் என்பார். வயரிங்காரர் சோதனை விளக்கை வைத்தால் விளக்கு எரியும். கரன்ட் இருக்கிறது, பம்பைப் பார் என்பார். இருவர் சொன்னதும் அவரவர் மேசையில் உண்மை.

சோதனை விளக்கு சொல்லும் உண்மைக்கு ஓர் எல்லை இருக்கிறது. பெற்றோல் வண்டிகளில் தாங்கிக்குள் மூழ்கிய மின் பம்ப் வந்தபின் அது பெரிதாகத் தெரிந்தது. அத்தகைய பம்ப் ஏறத்தாழ 5 அம்பியர் இழுக்கும். வழியில் ஒரு மூட்டில் 0.4 ஓம் தடை சேர்ந்தாலே 2 வோல்ட் அங்கேயே செத்துவிடும். சின்ன விளக்குக்கு அந்தத் தடை ஒரு பொருட்டல்ல, பளிச்சென்று எரியும். பம்போ அரைப்பட்டினியில் சுற்றும். வட்டவளைப் பக்கம் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கும் மேல் மழை கொட்டுகிறது; அங்கே ஓடும் வண்டியின் பின்புற வயரை ஓரிடத்தில் கீறிப் பார்த்தால், மேலுறை புதிதுபோல் இருக்க, உள்ளே செம்பு பச்சை பூத்து மாவாக உதிரும். மூட்டு வழியாகப் புகுந்த ஈரம் இழைகளுக்கிடையே ஊர்ந்து போயிருக்கும். இப்போது ஏற்றத்தை நினைத்துப் பாருங்கள். எஞ்சின் அதிக எண்ணெய் கேட்கிறது. மழை, பனிமூட்டம், வைப்பரும் முன்விளக்கும் ப்ளோவரும் ஓடுகின்றன. கொண்டையூசி வளைவில் எஞ்சின் சுற்று குறைய அல்டர்னேட்டரும் தளர்கிறது. இருந்த கொஞ்ச வோல்டிலும் பங்கு போக, பம்ப் தோற்கிறது. கராஜின் சமதரையில், வெயிலில், இந்தப் பாரம் ஒன்றும் இல்லை, பழுதும் இல்லை. புதுப் பம்ப் போட்டால் தேய்மானம் இல்லாததால் அதே குறைந்த கரன்டிலும் சில மாதம் சமாளிக்கும். அந்தச் சில மாதத்தைத்தான் நாம் பழுது தீர்ந்ததாக எடுத்துக்கொள்கிறோம்.

பழைய வண்டிகள் எளியவை, அதனால் பாஸ் வென்றார். இன்றைய வண்டிக்குக் கணினி வேண்டும், இதற்குத் தொழில் பிரிவினையை ஏன் குறை சொல்லவேண்டும் என்று கேட்கலாம். ஸ்கேனர் இப்போது ஹட்டனிலும் இருக்கிறது, பழுதும் இருக்கிறது. எண்ணெய் அழுத்தம் குறைவு என்று அது எழுத்தில் சொல்லும்; தாங்கிக்குப் பின்னால் எந்த எர்த் துருப்பிடித்தது என்று சொல்லாது. பம்பின் இரண்டு முனையிலும் மீற்றரை வைத்து, எல்லா விளக்கையும் போட்டு, எஞ்சின் ஓடும்போதே அளந்தால் சொல்லிவிடலாம். இது கணினி வேலையல்ல, ஆனால் பம்பையும் வயரையும் ஒருசேர நினைக்கிறவரின் வேலை. போலிச் சாமான்தான் காரணம் என்ற வாதத்துக்கு வருவோம். போலிப் பம்ப் சீக்கிரம் சாகும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒரே கடையில் வாங்கிய ஒரே பம்ப் ஒரு வேனில் வருடக்கணக்கில் ஓடி, இன்னொரு வேனில் அடுத்தடுத்துச் செத்தால் அந்த இரண்டாவது வேனின் வயரைத்தான் கேட்கவேண்டும். இன்னும் வலுவான சாட்சி முச்சக்கர வண்டி. தோட்டப் பாதைகளில் வேறெதையும்விட அதிகம் ஓடும் காபரேட்டர் ஓட்டோவுக்குப் பம்பே கிடையாது. உயரத்திலிருக்கும் தாங்கியிலிருந்து பெற்றோல் தானாக இறங்குகிறது. அதே மழை, அதே கடைச் சாமான், அதே எண்ணெய், பெரும்பாலும் அதே வயதுப் பாஸ்மார். அதிலும் பிளக், காபரேட்டர், சீடிஐ என்று பழுதுகள் வரும்தான், ஆனால் ஒரே ஆள் ஒரே இருப்பில் பார்த்து முடித்துவிடுகிறார். எண்ணெயும் கரன்டும் சந்திக்காத வண்டியில் இந்தத் தீராப் பழுதும் இல்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2025 தொடக்கத்தில்தான் தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் வயர்களுக்கு ஐந்து வயது கூடியது. 2022இல் எண்ணெய் வரிசை நாட்கணக்கில் நீண்டு, ஜூலையில் கியூஆர் முறை வந்து, பங்கீட்டு லீற்றர்களில் வண்டிகள் தாங்கியின் அடிமட்டத்திலேயே ஓடின. மூழ்கிய பம்புக்குக் குளிர்ச்சி தருவது சுற்றியுள்ள பெற்றோல்தான். சரிவில் பெற்றோல் ஒரு பக்கம் ஒதுங்கும்போது பம்ப் வெறுங்காற்றில் சுற்றிச் சூடேறும், அடியில் படிந்த அழுக்கையும் இழுக்கும். முன்பே மெலிந்த கரன்டோடு இந்தச் சூடும் சேர்ந்தால் பம்ப் எத்தனை நாள் தாங்கும்?

இப்போது வரும் வண்டிகள் பலவற்றில் பம்புக்கு நேரே பன்னிரண்டு வோல்ட் போவதில்லை. எஞ்சின் கேட்கும் அளவுக்கேற்ப ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி கரன்டை நறுக்கி நறுக்கி அனுப்புகிறது. சோதனை விளக்கு அங்கே முற்றிலும் பொய் சொல்லும். மலையக இளைஞருக்குத் தொழிற்பயிற்சியின் வாசல் இன்று திறந்திருக்கிறது. தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழைச் சொந்த மொழியில் படித்துப் பெறலாம். அந்தச் சான்றிதழ்களிலும் வாகன மெக்கானிக் ஒரு பாதை, வாகன மின்னியலாளர் வேறொரு பாதை. டவுனின் மூன்று கடைகளில் இருந்த பிரிவு பாடத்திட்டத்திலும் அப்படியே இறங்கியிருக்கிறது. இரண்டையும் ஒன்றாக்கு என்று நான் கேட்கவில்லை, ஒவ்வொன்றும் ஆழமான தொழில். மெக்கானிக் படிப்பவர் ஓடும் எஞ்சினில் பம்ப் முனையின் வோல்டை அளக்கவும், மின்னியல் படிப்பவர் எண்ணெய் அழுத்தமானியைக் குழாயில் பொருத்தி வாசிக்கவும் தேர்வில் கட்டாயமாகச் செய்துகாட்ட வேண்டும் என்று விதித்தால் போதும். இரண்டு கருவிகளும் ஹட்டன் கடைகளில் கிடைக்கின்றன. ஒரு பம்பின் விலைகூட ஆகாது.